பிப்ரவரி இருபத்தொன்பதாம் பக்கம்

சாலமோன் பிரதர் என் கடையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். திருவள்ளூர் கோர்ட்டுக்கு எதிரே மனு டைப் அடிக்கிற கடை இது. இவ்வளவு நேரம் யாரும் உட்கார்ந்ததில்லை.

பிரதர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழிலாளர்களுக்காக ஒவ்வொரு தியானமாக வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். நான் டைப் அடித்தேன். அப்படி வந்ததுதான் ‘ஷிஃப்டுக்கு முன் ஒரு நிமிடம்’. நாளுக்கு ஒரு பக்கம். இப்போது இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம். அவருக்குக் கண்ணில் புரை. நான் படிக்கப் படிக்க, “இத்த எடுத்துடு”, “இத்த சுருக்கு” என்பார். ஜனவரிக்கே இரண்டு நாள் ஆனது.

என் பயமெல்லாம் பிப்ரவரி. முதல் பதிப்பு 2024க்காகப் போட்டது, லீப் வருடம். பிரதர் முந்நூற்று அறுபத்தைந்தோடு கடமை முடிந்ததென்று ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜெபக் கூட்டத்தில் பேசப் போய்விட்டார். ஒரு பக்கம் குறைகிறது என்று அச்சகத்துக்காரன் உயிரை எடுத்தான். பிரதர் போனை எடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் நானே எழுதினேன்.

எழுதியது தியானமா என்ன, என் வயிற்றெரிச்சல். என் தம்பி ஸ்டீவன் நாலு வருடத்துக்கு முன் ஷிஃப்டுக்குப் போனவன், அதோடு வீடு திரும்பவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்தாயிற்று. ‘திரும்பாதவனுக்காகக் கடவுளிடம் கோபித்துக்கொள். ஆனால் கதவைத் தாழ் போடாதே. அவன் எந்த நேரமும் வருவான்’ என்று எழுதினேன்.

பிரதரிடம் சொல்லவே இல்லை. இந்த உலகத்தில் ஸ்டீவனுக்கென்று இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதை எடுத்துவிடச் சொன்னால் என்னால் தாங்க முடியாது.

இருபத்தெட்டு முடிந்தது. “மார்ச் ஒண்ணு” என்று ஆரம்பித்தேன்.

“இருபத்தொம்போது இன்னாச்சு?”

“அது நாலு வருஷத்துக்கு ஒரு தபாதானே பிரதர். அப்பால பாத்துக்கலாம்.”

“படிம்மா. அதுக்கோசரந்தான் வந்துக்கினு இருக்கேன்.”

படித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“இது நான் சொன்னது இல்ல” என்றார்.

“நான்தான் எழுதினேன். எடுக்கச் சொல்லாதீங்க” என்றேன், சண்டைக்கு நிற்பவள் மாதிரி.

அவர் கோபப்படவில்லை. “எங்க ஊட்டுக்காரி சின்னப்பொண்ணு தெனமும் இந்தப் பக்கத்தத்தான் படிக்குது. எங்க புள்ள ஜெரால்டு என்கூட சண்ட போட்டுக்கினு போனவன், அஞ்சு வருஷமாச்சு. இத்தப் படிச்சதுலேர்ந்து அது கதவ சாத்தறதே இல்ல. வாசப்படியாண்டயே குந்திக்கினு இருக்குது, தூக்கம் கெடையாது. போன மாசம் மயங்கி உழுந்துச்சு. சாத்துன்னா, ‘நீதானே எழுதிக்கீற’ன்னு கேக்குது. நான் எழுதலன்னு சொல்ல எனக்கு வாய் வரல.” மூச்சு வாங்கினார். “எடுக்க வேணாம். அது தூங்கற மாதிரி மாத்திக் குடும்மா.”

எனக்கு ஆத்திரம் வந்தது. தாழ் போடு என்று எழுதினால், ஸ்டீவன் வரமாட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடாதா? எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். வாசலுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து அடித்தேன், அழித்தேன். நாலு தடவை.

கடைசியில் இது வந்தது: ‘கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்துக்கொள். அவனுக்குத் தட்டத் தெரியும்.’

“இன்னொரு தபா படி.”

படித்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். “புக்கு வர்றப்ப வரட்டும். இந்த ஒரு பக்கத்த இப்பவே பிரிண்ட் குடு” என்று வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு மணவாள நகருக்கு நடந்தேன். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் நாலு வருடமாக யாரும் தொடாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. முனைக்கடையில் ஒரு சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கினேன்.