மஞ்சள் பகடை

இஸ்திரிப் பெட்டி தடாலென்று தரையில் விழுந்ததும் ஆட்டம் நின்றது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, தையற்கடையின் துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நான்கு பேர் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பகடை துள்ளிக் கீழே ஓடியது. என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்க இஸ்திரிக்காரர் அவசரமாகக் குனிந்தார். கால் ஒயரில் மாட்டிப் பெட்டி சரிந்துவிட்டது. யார் காலிலும் படவில்லை. பகடை மேல்தான் விழுந்தது.

கடைக்காரியான அக்கா துண்டுகளைப் பொறுக்கினாள். ஒற்றைப் புள்ளி இருந்த பக்கத்துக்கு உள்ளே, மிளகு அளவில் ஓர் ஈயக் குண்டு.

“அதான் எப்பவும் ஆறா விழுந்துச்சா!” என்று காஜா எடுக்கிற பெண் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

பணயம் வெறும் பட்டன்கள்தான். முதல் சுற்றில் ஒன்று விழுந்தால் கணக்கு, அடுத்ததில் இரண்டு, இப்படியே ஆறு வரை. ஒரு மழை நாளில் கரன்ட் போனபோது, பட்டன் டப்பாவில் கிடந்த மூன்று பகடைகளைப் பார்த்துக் காஜாப் பெண் ஆரம்பித்துவைத்த விளையாட்டு. ஆறாம் சுற்று வந்தால் மஞ்சள் பகடையைத் தடவிக் கொடுத்து உருட்டுவார்கள். அதற்குச் செல்லப்பிள்ளை என்று பெயர். “எங்க வீட்டுக்காரர்கூட இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லக்கா” என்பாள் காஜாப் பெண். பன்னிரண்டு வருஷமாக அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். ஏன் இப்படி விழுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பகடைகள் டப்பாவுக்கு எப்படி வந்தன என்று யாரிடமும் சொன்னதும் இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி சூதாட்டத்தில் வீட்டில் இருந்த ஒரே தையல் மிஷினை வைத்துத் தோற்றான். இரண்டு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் உதடு கிழிந்து வந்து நின்றவன், ஆட்டக்காரர்களிடமிருந்து பறித்துக்கொண்டு ஓடிவந்த மூன்று பகடைகளை அவள் கையில் திணித்தான். மஞ்சளில் ஏதோ வேலை செய்திருக்கிறார்கள் என்றான்.

“நான் உடைச்சா நானே உள்ள வெச்சேன்னு சொல்லுவாங்க. நீ உன் கையால உடைச்சுப் பாருக்கா.”

தோற்றவர்கள் எல்லாரும் சொல்வதுதான் என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள். பிறகு நான்கு வருஷம் அடுத்தவர் கடையில் கூலிக்குத் தைத்தாள். பகடைகளைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை, உடைக்கவும் மனம் வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் தம்பி பொய்யன் என்று முடிவாகிவிடுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உள்ளே ஏதாவது இருந்துவிட்டால், கதவைச் சாத்திய தான் யார் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. பல வருஷம் கழித்து அம்மா காரியத்துக்கு வந்தவன் வாசலோடு நின்றான். இஸ்திரிக்காரரிடம் தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தச் சீட்டு அக்காவின் அளவு நோட்டுக்குள் இன்னும் இருந்தது. மற்றவர்கள் மிஷினுக்குத் திரும்பியதும், நூல்கண்டு அலமாரிக்குப் பின்னால் போய் நின்று எண்களை அழுத்தினாள்.

அவன் குரல் கனத்திருந்தது. பின்னால் பட்டறைச் சத்தம். அவள் நலம் விசாரிக்கவில்லை. மஞ்சள் பகடை உடைந்துவிட்டது, உள்ளே ஈயம் இருக்கிறது, நீ சொன்னது நிஜம்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் யாரிடமோ மிஷினை நிறுத்தச் சொன்னான். பட்டறைச் சத்தம் மெல்ல அடங்கியது. அவள் உள்ளங்கையில் அந்த ஈயக் குண்டு வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நீயா உடைச்சியா,” என்று கேட்டான் தம்பி, “இல்ல, தானா உடைஞ்சுதாக்கா?”