ரெண்டரைப் பேர்

அந்தத் தெருவில் தையல்காரரை எல்லோரும் இறுக்கம் என்றுதான் சொல்வார்கள். அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாரும் நிம்மதியாகத் தும்ம முடிந்ததில்லை என்பது ஒரு காரணம். அவருடைய கை இன்னொரு காரணம். அந்தக் கைக்குள் போன காசு வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே கிடந்து தேய்ந்தது.

சட்டை பிடிக்கிறது என்று யாராவது திரும்பி வந்தால் அவர் தையலைப் பார்க்கவே மாட்டார். "அளவெடுத்தப்போ இருந்ததுக்கு இப்ப சதை போட்டுட்டீங்க" என்று வந்தவரின் வயிற்றைப் பார்த்து வருத்தப்படுவார். பதினோரு வருஷமாக இதையே சொல்லி வந்ததில் பாதித் தெரு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டது.

உடம்பை அளக்க அவர் கழுத்தில் ஒரு டேப் தொங்கும். துணியை வெட்டுவதற்கு மேஜை விளிம்பில் மரஸ்கேல் ஒன்றை ஆணியடித்து வைத்திருந்தார். டேப்புக்கு வேறு வேலைகளும் உண்டு. துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டுவது அதால்தான். கடையின் ஷட்டர் மேலே சிக்கிக்கொண்டால் இழுப்பதும் அதால்தான். டேப் இருக்கும்போது கயிற்றுக்கு எதற்குக் காசைக் கொட்ட வேண்டும்?

இவருக்கு ஒரே மகள், வயது ஒன்பது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிற்கச் சொன்னால் அவள்தான் முதலில் நிற்க வேண்டும், அவ்வளவு குள்ளம். வகுப்பில் அவளுக்கு அரை டிக்கெட் என்று பெயர். ஊருக்கு வெளியே இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் மலைப்பாம்பு என்று ஒரு ரயில் ஓடியது. ஆளைத் தலைகீழாகத் தூக்கி நான்கு சுற்றுச் சுற்றி இறக்கிவிடும். வகுப்பில் எல்லோரும் அதில் ஏறிவிட்டார்கள். நூற்றிருபது சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள் என்பதால் இவள் மட்டும் பாக்கி. அந்த ரயிலில் ஏறி இறங்கிவிட்டால் அரை டிக்கெட் என்ற பெயர் போய்விடும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அதற்காக மூன்று மாதமாகத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவு நிலையின் மேல்கட்டையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தொங்கினாள். தொங்கினால் வளரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா டேப்பை வைத்து அளப்பார். நூற்றுப் பதினேழு, பதினேழரை, கடைசியாக நூற்றுப் பதினெட்டு.

நூற்றுப் பதினெட்டு என்றதும் இறுக்கத்துக்கு மூளை வேலை செய்தது. நூற்றிருபதுக்குக் கீழே இருந்தால்தான் பூங்காவில் அரை டிக்கெட். அதைத் தாண்டினால் முழுசு. பிள்ளை போகிற வேகத்தைப் பார்த்தால் இன்னும் ஒரு மாதம்கூடத் தாங்காது.

"இந்த ஞாயித்துக்கிழமை போறோம்" என்றார்.

மனைவி பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படி ஒரு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. "உடம்பு சரியாத்தான இருக்கு உங்களுக்கு?" என்றாள்.

மகள் கேட்டது வேறு. "மலைப்பாம்புல என்னை ஏத்துவாங்களாப்பா?"

ஏற்ற மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "உள்ள போயிட்டா எல்லாம் பேசிக்கலாம்மா" என்றார். அவளும் நம்பிவிட்டாள்.

அந்த வாரம் முழுவதும் இறுக்கம் ஊர்த் துணியைத் தொடவில்லை. குடும்பத்துக்குத் தைத்தார். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பதால் மூன்று பேர் உடுப்பிலும் சேர்த்துப் பதினான்கு ரகசியப் பைகள் வைத்தார். வாழைப்பழத்துக்கு வளைவாகவும் அவித்த முட்டைக்கு உருண்டையாகவும் வெட்டியிருந்தார். மகளுக்குத் தரையைத் தொடும் நீளத்தில் ஒரு கவுன். அதற்குள் அவள் முட்டியை மடக்கி நடந்தால் வெளியே தெரியாது.

"நான்தான் நூத்திப் பதினெட்டாச்சே, அப்புறம் எதுக்கு மடக்கணும்?"

"துணி வெட்டும்போது தையலுக்குன்னு ரெண்டு விரல் விடுறதில்லையா? அது மாதிரி. அவங்க ஸ்கேல் எப்படியோ, யார் கண்டா? ரெண்டு விரல் மடக்கிக்கோ."

அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு வாரம் முட்டியை மடக்கி நடந்து பழகினாள். சாயங்காலம் கதவில் தொங்கி உடம்பை நீட்டுவாள், இறங்கியதும் மடக்கி நடப்பாள். அப்பா ஒரு பக்கமும் ஆசை ஒரு பக்கமும் அந்தப் பிள்ளையைப் போட்டு இழுத்தது இறுக்கத்தின் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா வாசலில் எல்லாம் அவர் நினைத்தபடி நடந்தது. ஸ்கேல் பொருத்திய கம்பத்தின் கீழ் மகள் நின்றாள், நூற்றுப் பதினேழு காட்டியது. அவள் மணிக்கட்டில் அரை டிக்கெட்டுக்கான மஞ்சள் பட்டையைக் கட்டினார்கள். பெற்றோருக்குச் சிவப்புப் பட்டை. "ரெண்டரைப் பேர்" என்று எழுதி ஒரு சீட்டு கொடுத்தார்கள். இறுக்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டே வந்திருந்தார். மனைவி கழற்றச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலைப்பாம்பு வரிசையில் அவர்கள் முன்னால் வந்து சேரும்போது மணி நாலரை. ஐந்தரைக்கு ரயிலை நிறுத்திவிடுவார்கள். மகள் அங்கே வைத்திருந்த அளவுப் பலகையின் முன் போய் நின்றாள். இந்த முறை முட்டியை மடக்கவில்லை.

ரயிலுக்கு ஆள் ஏற்றுகிறவர் குனிந்து பார்த்தார். அவள் தலை சிவப்புக் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே இருந்தது. "வாம்மா" என்று கையைப் பிடித்தவர், மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். "அரை டிக்கெட்டா? அப்ப முடியாது."

"அவ தலை கோட்டுக்கு மேல இருக்கு, பாருங்க" என்றார் இறுக்கம். டேப் சொன்ன நூற்றுப் பதினெட்டு எப்படி இங்கே மேலே போனது என்று அவருக்கே விளங்கவில்லை.

"தலை இருக்கு சார். பட்டை இல்லையே. பட்டைப்படி இவங்க நூத்திருபதுக்குக் கீழ."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவள் கோட்டைத் தாண்டிய பிள்ளை. இப்போது மறுபடியும் வரிசையில் முதலில் நிற்கிற பிள்ளை.

இறுக்கம் மகளுக்கும் பலகைக்கும் நடுவில் போய் நின்றார். "காலையில கம்மியாத்தான் இருந்தா. உள்ள வந்து வளர்ந்துட்டா" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

ஆள் ஏற்றுகிறவர் சிரிக்கவில்லை. "உள்ள வளர்ந்திருந்தா உயர அதிகாரியைத்தான் பார்க்கணும்" என்று கை காட்டினார்.

உயர் அதிகாரி என்றுதான் இறுக்கம் நினைத்தார். கழிப்பறைகளுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் கதவில் 'உயர அதிகாரி' என்றே எழுதியிருந்தது. உள்ளே இருந்தவர் நாற்காலியில் இரண்டு கோப்புகளைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சுவரில் இரும்பு ஸ்கேல். மேஜையில் ஒரு கட்டு படிவம், ஒவ்வொன்றிலும் 'உள்வளர்ச்சி மனு' என்று அச்சடித்திருந்தது.

"எத்தனை மணிக்கு வளர்ந்தா?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணே கால் இருக்கும்" என்றார் இறுக்கம்.

"எங்க?"

"வாத்துக் குளத்துப் பக்கம்" என்றாள் மனைவி. புருஷன் ஆரம்பித்து வைத்ததை அந்தரத்தில் விட அவளுக்கு மனசு வரவில்லை.

"என்ன சாப்பிட்டு வளர்ந்தா? எங்க சாப்பாடுன்னா அதுக்குக் கட்டணம் உண்டு. வெளிச் சாப்பாடுன்னா அபராதம்."

இறுக்கத்தின் இடுப்புப் பையில் இரண்டு முட்டை பாக்கி இருந்தது. "காத்துதான்" என்றார். அதிகாரி 'காற்று' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு மகளை இரும்பு ஸ்கேலில் நிறுத்தினார். நூற்றிருபதரை. "காலையில குறைச்சலா இருந்ததுக்கு உங்ககிட்ட அத்தாட்சி ஏதாவது?"

அந்த ஒரு விஷயத்தில் இறுக்கத்துக்குப் பயமே இல்லை. கழுத்திலிருந்து டேப்பை உருவி மேஜைமேல் வைத்தார். "பதினோரு வருஷமா தொழில் பண்றேன். இது பொய் சொல்லாது. நேத்து சாயங்காலம்கூட அளந்து பார்த்தேன், நூத்திப் பதினெட்டு."

அதிகாரி எழுந்து டேப்பை இரும்பு ஸ்கேலோடு ஒட்டிப் பிடித்தார். டேப்பில் நூற்றுப் பதினெட்டு இருந்த இடத்தில் ஸ்கேலில் நூற்றிருபதரை இருந்தது. இன்னொரு முறை பிடித்தார். அப்போதும் அதேதான். "இதை எதுக்காவது போட்டு இழுத்தீங்களா?"

மூட்டை, சைக்கிள், ஷட்டர் என்று ஒவ்வொன்றாக இறுக்கத்தின் கண்முன் வந்தது. டேப் நீண்டுபோயிருந்தது. நீண்ட டேப்பால் அளந்து நீளாத ஸ்கேலால் வெட்டினால் ஊரில் யாருக்குத்தான் சட்டை சேரும்? சதை போட்டுவிட்டார்கள் என்று அவர் அனுப்பிவைத்த முகமெல்லாம் பட்டினியில் கன்னம் ஒட்டி வரிசையாக வந்து நின்றது.

மகள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ நான் எப்பப்பா நூத்திருபது ஆனேன்?"

"ஒரு மூணு வாரம் முன்னாடியே இருக்கும்மா."

"அதுக்கப்புறமும் தொங்கிட்டே இருந்தேனே."

அவள் உள்ளங்கை இரண்டிலும் காய்ப்புக் காய்த்திருந்தது. மனைவி அதற்கு எண்ணெய் தடவிவிடுவதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு எண்ணெய்ச் செலவைத்தான் நினைத்திருக்கிறார். இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டேப்பைப் பார்த்தார்.

அதிகாரி விடவில்லை. "அப்ப வாசல்ல எப்படி நூத்திப் பதினேழு வந்தது? எங்க கம்பம் தப்புன்னா சொல்லுங்க, புகார் எழுதிக்கலாம். பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

தப்பிக்க நல்ல வழிதான். புகாரை எழுதிவிட்டுக் கௌரவமாக வீட்டுக்குப் போகலாம். மணி ஐந்து. மகள் தரையைத் தொடும் கவுனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்பம் சரிதான்" என்றார் இறுக்கம். "முட்டியை மடக்கச் சொன்னது நான். கவுன் தைச்சதும் நான்தான். பிள்ளை மேல தப்பே இல்ல. பாக்கி அரை டிக்கெட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறேன். தயவுசெஞ்சு அவளை ஏத்துங்க." சொல்லிக்கொண்டே பதினான்காவது பையின் தையலைப் பல்லால் பிரித்துப் பணத்தை எடுத்தார். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி பணத்தைத் தொடவில்லை. "மத்தியானத்துக்கு மேல காசு வாங்க எங்ககிட்ட ரசீது கிடையாது. உங்க குடும்பத்துக்கு உள்ள வர்றது ரெண்டரைப் பேர்னு பதிவாகிப்போச்சு. அதை மாத்த முடியாது. ஆனா அந்த ரெண்டரையில யார் அரைங்கிறதை நீங்க மாத்திக்கலாம்."

இறுக்கம் யோசிக்கவே இல்லை. கையை நீட்டினார்.

மஞ்சள் பட்டை அவர் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து மனைவிதான் இழுத்துப் பிடித்து இரண்டு தையல் போட்டாள். "கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்" என்றாள். அவருடைய சிவப்புப் பட்டை மகள் கைக்குப் போனது. அதிகாரி பதிவேட்டில், தையல்காரர், வயது நாற்பத்தொன்று, உயரம் நூற்றிருபதுக்குக் கீழ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அரை டிக்கெட் பெரியவங்க துணையில்லாம வெளிய சுத்தக் கூடாது" என்று எச்சரித்தார்.

"நீ என்கூட இரு. பாப்பா போயிட்டு வரட்டும்" என்றார் இறுக்கம் மனைவியிடம்.

"ஏன், எனக்கு ஆசை இருக்காதா?" என்று கேட்டுவிட்டு மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மலைப்பாம்பை நோக்கி ஓடினாள்.

அதனால், டேப்பை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்ட இறுக்கத்தைக் குழந்தைகள் காப்பிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்த காப்பாளர் அம்மாள் அவருடைய பட்டையைப் பார்த்தாள், அவர் மீசையைப் பார்த்தாள், பட்டைதான் சரி என்று முடிவு செய்து கையில் ஒரு பலூனைக் கொடுத்தாள்.

"இதுக்குக் காசா?"

"அரை டிக்கெட்டுக்கு இலவசம்டா ராஜா. அழாம உக்காரு."

ஒரு சாண் உயர நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். முட்டி இரண்டும் காதுக்கு வந்துவிட்டது. இறங்கவும் கூடாது என்றாள் காப்பாளர். வேலிக்கு மேலே மலைப்பாம்பு ஆளைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போவது தெரிந்தது. அதில் எது தன் பிள்ளை என்று தெரியவில்லை. எல்லாச் சுற்றுக்கும் கையாட்டி வைத்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஒலிபெருக்கியில், கழுத்தில் டேப் மாட்டிய அரை டிக்கெட் ஒன்று காப்பிடத்தில் இருக்கிறது, உரியவர் வந்து அழைத்துச் செல்லவும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். மனைவி தலை சுற்றி ஒரு பெஞ்சில் படுத்துவிட்டாள். மகள் மட்டும் கவுனை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். முடியெல்லாம் பறந்து நின்றது. கண்ணில் தண்ணீர் காய்ந்த தடம். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவங்க யாராவது வந்துதான் கூட்டிட்டுப் போகணும் பாப்பா" என்றாள் காப்பாளர்.

மகள் சிவப்புப் பட்டையைக் காட்டினாள். காப்பாளர் மறுபேச்சுப் பேசாமல் பதிவேட்டை நகர்த்தினாள். 'அழைத்துச் செல்லும் பெரியவர்' என்ற இடத்தில் மகள் தன் பெயரை எழுதினாள். 'குழந்தை என்ன உறவு' என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, அப்பா என்று எழுதினாள்.

இறுக்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார். முக்கால் மணி நேரம் மடங்கிக் கிடந்ததில் முட்டி நீளவில்லை. கூனிக்கொண்டே இரண்டு அடி நடந்து வந்தார். பலூன் தலைக்கு மேலே ஆடியது.

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ப்புக் காய்த்த கை, சொரசொரவென்று இருந்தது.

"இனிமே மடக்க வேணாம்ப்பா, நேரா நில்லுங்க" என்றாள்.

அவர் நேராக நிற்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.