எனக்கு மட்டும் புரிந்த பேச்சு

நாளைக் காலை அப்பா பல்கலைக்கழக அரங்கில் எல்லோர் முன்னாலும் நின்று இமானியின் கருவியிடம் பேசப் போகிறார். அதற்கு அவர் பேச்சு புரியாது. இன்று மத்தியானம் இதைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

அப்பா பிட்ஸ்பர்க்கில் நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருடம் பக்கவாதம் வந்து நாக்கு பாதி இழுத்துக்கொண்டது. அவர் பேசினால் மற்றவர்களுக்கு வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோலக் கேட்கும். எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் விளங்கும். கடையில், மருத்துவரிடம், எங்கே போனாலும், "கொரியக் கேளுங்க" என்று என்னைக் காட்டுவார். அதைக் கேட்பதற்காகவே அவர் கூப்பிடாவிட்டாலும் கூடப் போவேன்.

இந்தக் கோடையில் மொழித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்தது. நானும் என் வகுப்பு இமானியும் சேர்ந்தோம். எங்களை மேய்த்தது ராஸ் என்ற ஆராய்ச்சி மாணவர்.

"மனுஷன் பேசுறத மெஷின் கேக்கணும், எழுதணும், வேற மொழில சொல்லணும், கேள்வி கேட்டா பதில் சொல்லணும். இதெல்லாம் சேந்ததுதான் நம்ம துறை" என்றார் முதல் நாள். "பாதி கணக்கு, பாதி மொழி, மிச்சம் பீட்சா. ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க. பரீட்சைத் தாள மெஷினுக்கு முன்கூட்டியே காட்டக் கூடாது."

நான் மொழிபெயர்ப்புக் குழுவில் இருந்தேன். நோயால் பேச்சு குழறுகிறவர்களின் குரலை எழுத்தாக்கும் வேலையை இமானி எடுத்துக்கொண்டாள். என் அப்பாவைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததாம். எனக்கு ஏன் வரவில்லை? பரீட்சையில் அவளுடைய கருவி நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று வார்த்தைகளைச் சரியாக எழுதியது. ராஸ் அதைப் பலகையில் எழுதி வட்டம் போட்டார். அவள் எங்கள் வீட்டுக்கே வந்து, "பயிற்சி முடியுற அன்னிக்கு அரங்குல நீங்கதான் முதல்ல பேசணும், மிஸ்டர் பாவ்லிக்" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் இமானி புராணம்தான்.

"அந்தப் பொண்ணு... கெட்டிக்காரி, கொரி."

"அப்போ நான் மக்கா?"

"இனிமே உனக்கு... விடுதலை." சிரித்தார்.

விடுதலையாம். யார் கேட்டார்கள்?

இன்று குற்றம் கண்டுபிடிக்கத்தான் அவளுடைய கோப்புகளைத் திறந்தேன். கிடைத்தது. பன்னிரண்டு பேருடைய குரல்களை அவள் பயன்படுத்தியிருந்தாள். அவர்கள் பேசிய வாக்கியங்களில் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைப் பரீட்சைக்கும் வைத்திருந்தாள். ஆனால் ஆட்கள் இரண்டிலும் அதே பன்னிரண்டு பேர். கருவி குழறல் பேச்சைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பன்னிரண்டு தொண்டைகளைப் பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ராஸும் கவனிக்கவில்லை. அப்பா என் ஃபோனில் விட்டிருந்த ஒரு குரல்செய்தியை அதில் போட்டேன். "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று அவர் சொல்லியிருந்தது, "மரத்துல பல்லி ஆடுது" என்று வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பா பழைய சீருடை டையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார்.

"என் பேரு... மைலோ பாவ்லிக். முப்பது வருஷம்... பஸ் ஓட்டினேன்." என் பக்கம் திரும்பினார். "மெஷினுக்குப் புரியுமா?"

நாளை அவர் வாயைத் திறந்ததும் பெரிய திரையில் கன்னாபின்னாவென்று எழுத்து ஓடும். கீழே இருப்பவர்கள் மரியாதையாகச் சிரித்துவைப்பார்கள். கடைகளில் அந்தச் சிரிப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். இமானி அவமானப்படட்டும் என்றுதான் இருந்தேன். அங்கே நிற்கப்போவது அப்பா என்பது அதுவரை உறைக்கவேயில்லை.

இமானியைக் கூப்பிட்டேன்.

"என்னடி இந்நேரத்துல? வயித்தெரிச்சல்ல தூக்கம் வரலையா?"

"உன் பரீட்சை தப்பு. ரெண்டு பக்கமும் அதே ஆளுங்க."

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயோ... ஆள வச்சுப் பிரிக்கலையே நான். நீ எப்பப் பாத்த?"

"மத்தியானம்."

"மத்தியானமேவா? இவ்வளவு நேரம் வாயத் தொறக்கல? நான் மண்ணக் கவ்வுறதப் பாக்கணும், அதானே?"

"ஆமா."

"நல்ல ஜென்மம்டி நீ." மூக்கை உறிஞ்சினாள். "ராஸுக்கு இப்பவே எழுதுறேன். தொண்ணூத்திமூணு போச்சு. ஆனா உங்கப்பா நாளைக்குப் பேசணும்னா மெஷின் அவர் குரலப் பழகணும். பதிவு வச்சிருக்கியா?"

"ஃபோன்ல நிறைய இருக்கு."

"அவரக் கேட்டுட்டு அனுப்பு. ஒவ்வொண்ணுலயும் என்ன சொல்றார்னு எழுதிக் குடுக்கணும். அது உன்னாலதான் முடியும். ஒழுங்கா எழுதுவியா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மத்தியானம் சிரித்ததைத் தவிர. "எல்லாத்தையும் குடு" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படுக்கப் போனார்.

இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறேன். பால். மாத்திரை. ஹாக்கி ஆட்டம் எத்தனை மணிக்கு. சரியாக எழுதும் ஒவ்வொரு வரியிலும் நான் கொஞ்சம் தேவையில்லாமல் போகிறேன். ஓர் இடத்தில் வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். அழித்துவிட்டுத் திருத்தினேன்.

குளிர்காலத்தில் வந்த ஒன்று இருந்தது. "கொரி... கரண்ட் போச்சு. இருட்டா இருக்கு. பயமா இருக்கும்மா. சீக்கிரம் வா."

இரண்டு தடவை கேட்டேன். எல்லாவற்றையும் கொடுக்கத்தான் சொன்னார். நான் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அனுப்பினேன்.

"வந்துச்சு" என்று இமானி பதில் போட்டாள். நன்றி சொல்லவில்லை.