ஏழாவது லெவலில் என் பெயர்

என் பெயருக்குப் பக்கத்தில் தனபாலன் சேர் ஒரு கேள்விக்குறி போட்டார். திட்டவில்லை, பழி சொல்லவில்லை, வெறும் கேள்விக்குறிதான். அன்று வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த போனைச் சுவரில் எறிந்திருப்பேன். எறிந்தால் அதைத் திருத்தும் வேலையும் என் தலையில்தான் விழும் என்பதால் விட்டேன்.

அந்த வீடியோ விளையாட்டின் பெயர் பிப்பின். ஓர் அணில் கூரைக்குக் கூரை தாவி ஓடும். அதில் ஏழாவது லெவல் மட்டும் ரேஸ். தனியாகக் கடிகாரத்தோடு ஓடலாம், அல்லது நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓடலாம். கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இதை ஓடுகிற முந்நூறு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கட்டுகஸ்தோட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தனபாலன் சேர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். யார் எத்தனை விநாடியில் ஓடினார்கள் என்ற பட்டியலும் அவர் கையில்தான். மார்ச் மாதம் நான் வீட்டிலிருந்து ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் ஓடி, திரையைப் பதிவுசெய்து அனுப்பினேன். பட்டியலில் முதலிடம் வந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த யுகேஷுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. "இது அவங்க அண்ணன் ஓடுனது. மடவளையில அவர் கடை இருக்கு, போய்க் கேளுங்க" என்று குழுவில் எழுதிவிட்டான். கேள்விக்குறி விழுந்தது அதன்பிறகுதான்.

அவன் சொன்ன அண்ணன் என் நானா அஸீம். மடவளையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். நானும் அங்கேதான் வேலை. உடைந்த திரை மாற்றுவது, கேம் கன்ட்ரோலருக்குப் பொத்தான் மாற்றுவது எல்லாம் என் மேசையில் நடக்கும். ஆனாலும் வருகிறவர்கள் சாமானை என் தலைக்கு மேலால் நானாவிடம்தான் நீட்டுவார்கள். திருத்தி முடிந்ததும் நன்றியும் அவருக்குத்தான்.

யுகேஷை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பிலிமத்தலாவையில் எல்லோருக்கும் முன்னால் நடந்த ரேஸில் நான் நாலாவது. ஒரு நிமிடம் முப்பத்தொரு விநாடி. கண்டி டவுனில் நடந்ததில் மூன்றாவது. தனியே ஓடினால் பன்னிரண்டு, ஆட்களோடு ஓடினால் முப்பத்தொன்று. நான் அவனாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

தனபாலன் சேர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"பிள்ளை, நான் உம்மை நம்பாமல் இல்லை. ஆனா ஆக்கள் கேக்கினம். ஓகஸ்ட் போட்டியில எல்லாருக்கும் முன்னால ஒரு நிமிசம் பதினைஞ்சுக்குள்ள ஓடிக் காட்டும். காட்டினா பேர் நிக்கும். இல்லாட்டி நான் எடுக்கத்தான் வேணும்."

"சரி சேர்" என்றேன். வேறு என்ன சொல்வது.

கடைக்கு வந்து நானாவிடம் கேட்டேன். "நீங்க குழுவில ஒரு வரி எழுதுங்களே, நான் ஓடல்ல, தங்கச்சிதான் ஓடின எண்டு."

நானா சிரித்தார். "எழுதினா மட்டும் நம்பவா போறாங்க? வுடு."

ஏன் எழுதவில்லை என்பது அந்த வாரமே தெரிந்தது. கண்டியிலிருந்து இரண்டு பேர் கன்ட்ரோலர் திருத்த வந்தார்கள். பக்கத்திலேயே எத்தனையோ கடை இருக்க, மடவளைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். "ரெக்கோட் வச்சவர் நீங்கதானே?" என்று ஒருவன் கேட்டான். நானா இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. "ஆ, குடுங்க பாப்பம்" என்று கன்ட்ரோலரை வாங்கி, அப்படியே என் மேசைக்குத் தள்ளிவிட்டார். நான் ஸ்குரூவைக் கழற்றினேன். என் கூடப் பிறந்தவர் என் பெயரைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு திரிகிறார் என்று விளங்கியபோது, யுகேஷ் மீதிருந்த கோபம் எனக்குச் சின்னதாகிவிட்டது.

அன்றைக்கே முடிவெடுத்தேன். யாரும் எனக்காக எழுத வேண்டாம். ஓடிக் காட்டுகிறேன்.

ஆனால் ஆட்களோடு ஓடினால் ஏன் பிந்துகிறேன் என்று மட்டும் பிடிபடவில்லை. கை நடுங்கவில்லை, பயமும் இல்லை. ஜூன் கடைசியில் மாமி மகளின் கல்யாணத்தில்தான் அது பிடிபட்டது. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரே பெரிய தட்டில் சோறும் பொரித்த கோழியும். சஹனில் அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போடுவது மரியாதை கெட்ட வேலை. அவர்களாகப் பார்த்துத் தள்ளிவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த ஈரல் துண்டு ஒன்று பக்கத்திலிருந்தவரின் சோற்றில் கிடந்தது. இரண்டு விரல் தூரம்தான். என் கை அந்த இடத்துக்குக் கிட்டப் போய் தானாகவே நின்றது.

நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிலிமத்தலாவையிலும் இதே கைதான் இப்படி நின்றிருக்கிறது.

ஏழாவது லெவலில் வழி அகலமானது. ஏழு இடங்களில் சிறகு தொங்கும். சிறகைப் பிடித்தால் இரட்டைத் தாவல் தாவலாம். முதலில் பிடிக்கிறவருக்குத்தான் கிடைக்கும். தனியே ஓடும்போது நான் இடமும் வலமுமாகக் குறுக்கே பாய்ந்து ஏழையும் எடுப்பேன். பக்கத்தில் ஆள் ஓடினால் அவர் முன்னால் தொங்குவது அவருடையது என்று என் கை தானே தீர்மானித்துவிடுகிறது. எழும்பி ஓடிப்போய்ப் பழைய ரேஸ் பதிவுகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சஹனில் மற்றவர்கள் முடிக்காமல் எழும்பவும் கூடாது. பக்கத்திலிருந்தவரோ பல் நோவு என்று ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பிலிமத்தலாவையில் எடுத்தது இரண்டே சிறகு. இரண்டும் என் நேர் முன்னால் தொங்கியவை.

மறுநாள் இரண்டாவது கன்ட்ரோலரைச் செருகி, இன்னொரு அணிலை வலப்பக்கம் சும்மா நிறுத்திவைத்து ஓடிப் பார்த்தேன். ஆளில்லாத அந்த அணிலுக்கு முன்னால் பாயவும் என் பெருவிரல் தயங்கியது. எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. உம்மாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து அந்தக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன்.

"என்னத்துக்குப் புள்ள என்ட முன்னால முன்னால வந்து வுழுற?" என்றார் உம்மா.

"அதப் பழகத்தான் உம்மா."

"நல்ல பழக்கந்தான்."

ஆறு வாரம், கடை முடிந்து வந்து மஃரிப் தொழுகை வரைக்கும் தினமும் உம்மாவின் சிறகைப் பறித்தேன். முதல் கிழமை ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் கிழமை கேட்பதை விட்டேன். ஐந்தாம் கிழமை உம்மா என் சிறகைப் பறிக்கத் தொடங்கினார்.

போட்டியன்று காலை நானா சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாறன்."

"வேணாம் நானா. நீங்க வந்தா ஆக்கள் உங்களத்தான் பார்ப்பாங்க."

அவர் முகம் வாடியது. எனக்கு இரக்கம் வரவில்லை. அவரைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தனபாலன் சேரின் வகுப்பறையில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் இடது ஓரம், யுகேஷ் வலது ஓரம், நடுவில் வேறு இரண்டு பேர். பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். முதல் சிறகு யுகேஷுக்கு நேர் முன்னால் தொங்கியது. மூன்று பேருக்கும் குறுக்கே பாய்ந்து எடுத்தேன். "ஏய்" என்றான் அவன். இரண்டாவதையும் எடுத்தேன். மூன்றாவதில் பெருவிரல் பழைய மரியாதையை நினைத்துவிட்டது. யுகேஷ் எடுத்துக்கொண்டு முன்னே போனான். அரை விநாடி போச்சு. அதன்பிறகு தொங்கியதெல்லாம் என்னுடையது என்றே ஓடினேன். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது சிறகைக் கூரை விளிம்பில் அவனுடைய மூக்குக்கு முன்னால் பிடித்து, கடைசிப் பள்ளத்தை இரட்டைத் தாவலில் தாண்டினேன்.

ஒரு நிமிடம் பதின்மூன்று. யுகேஷ் பதினான்கு.

தனபாலன் சேர் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கேள்விக்குறியை அழித்தார். சந்தோசம் வரும் என்று நினைத்தேன். ஐந்து மாதக் கோபம்தான் வந்தது.

யுகேஷ் எழும்பி என்னிடம் வந்தான். "நல்லாத்தான் ஓடுனீங்க. ஒத்துக்கிறேன். ஆனா மார்ச்சுல ஓடுனது அண்ணன் இல்லைன்னு அவர் ஒரு நாளும் சொல்லலையே. நான் கடைக்கே வந்து கேட்டேன். சிரிச்சாரு."

போனை எடுத்து நானாவுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"நானா, இங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்காங்க. மார்ச்சில ஓடினது யாரு?"

அந்தப் பக்கம் கடைச் சத்தம். யாரோ சார்ஜர் விலை கேட்டார்கள். வேறு யாரோ கன்ட்ரோலர் எப்போது கிடைக்கும் என்றார்கள். கடையில் ஆள் நிறைந்திருக்கிறது. அவர் சொல்லப்போவது அவர்களுக்கும் கேட்கும். என்னைப் போலவே அவருக்கும் அது தெரியும். நான் காத்திருந்தேன்.

"அவதான் ஓடின" என்றார் நானா. பிறகு குரலை உயர்த்தினார், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்ட தங்கச்சி ஷஹ்மாதான் ஓடின. எனக்கு அந்த லெவல்ல முதலாவது கூரையே தாண்ட ஏலா. நீங்க கொண்டுவார கன்ட்ரோலர் எல்லாம் திருத்துறதும் அவதான்."

வகுப்பறை சிரித்தது. போனுக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். யுகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, "சாரிங்க அக்கா" என்றான்.

நானா இன்னும் லைனில் இருந்தார். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

"இத நான் அண்டைக்கே சொல்லியிருக்கணும்" என்றார் அவர், மெதுவாக.

பரவாயில்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஓம் நானா. சொல்லியிருக்கணும்."