வரிசையில் விட்ட இடம்

நாற்பது தாண்டிய உப்பளக் கூலிக்காரிக்குக் கராத்தே எதற்கு என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். போன மாசம் விடியுமுன் வேலைக்குப் போகும்போது மரக்காணம் ரோட்டில் ஒருத்தன் என் மணிக்கட்டைப் பிடித்தான். லாரி வெளிச்சம் பட்டு அவனாக விட்டான், நானாக விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தப் பயம் சோற்றில் கை வைத்தால்கூட வந்துவிடுகிறது. அது போகவேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுக்க வந்தவள் பிரியதர்ஷினி, பாண்டிச்சேரிப் பெண், என் மகள் வயசு. மழை முடிந்து, உப்புப் பாத்தி மண்ணைக் காலால் மிதித்து இறுக்குகிற மாசம் அது. சாயங்காலம் வேலை முடிந்ததும், மிதித்த பாத்தியிலேயே கிளாஸ்.

மண் மிதிக்கும்போது நாங்கள் தோளோடு தோள் வரிசையாக நிற்போம். போன சீசனில் செத்தவர் நின்ற இடத்தை இந்த சீசன் முழுக்க காலியாக விட்டுவிடுவது எங்கள் வழக்கம். இந்த வருஷம் என் பக்கத்து இடம் லூர்துமேரிக்கு. தனியாகக் கால்வாயைத் தாண்டும்போது சேற்றில் சிக்கி முழுகிப் போனாள். என்னோடு வாய்ச்சண்டை போட அவளை விட்டால் ஆளில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்ல வாயெடுத்து மூடிக்கொள்கிறேன்.

பழக்கதோஷம், கராத்தேவுக்கும் அப்படியே இடம் விட்டு நின்றுவிட்டோம்.

"ஏன்க்கா நடுவுல கேப் வுட்டு நிக்கிறீங்க?" என்றாள் பிரியதர்ஷினி.

பதிலுக்குக் காத்திராமல், பக்கத்தில் நிற்பவரோடு ஜோடி சேரச் சொன்னாள். ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்க, மற்றவர் விடுவித்துக்கொள்ள வேண்டும்.

"கட்டைவிரல் பக்கம்தான் பிடி வீக்கு. அந்தப் பக்கமா திருப்பி வெடுக்குனு இழுங்க."

எல்லாருக்கும் ஜோடி கிடைத்தது. எனக்கு அந்தக் காலி இடம்.

"ஆள் இருக்கிற மாதிரி நெனச்சி செய்ங்கக்கா, நான் அப்புறம் வர்றேன்."

திரும்பி நின்று கையை நீட்டினேன். ஒரு கை பிடித்தது.

சில்லென்று ஈரமான விரல்கள். உப்பு அரித்து வெடித்த தோல் என் மணிக்கட்டில் உறுத்தியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணாடி வளையல் மட்டும் சதையில் அழுந்திக்கொண்டிருந்தது. கத்தக்கூட முடியவில்லை. ரோட்டில் பிடித்தவன் தன் பக்கம் இழுத்தான். இது கீழே இழுத்தது. இறுகிக் கிடந்த பாத்தியில் என் குதிகால் புதைய ஆரம்பித்தது.

கட்டைவிரல் பக்கம் திருப்பினேன். வெடுக்கென்று இழுத்தேன். விட்டுவிட்டது.

"சூப்பர்க்கா!" பிரியதர்ஷினி கை தட்டினாள். "எல்லாரும் தையல்நாயகி அக்காவ பாருங்க, எப்டி கைய உருவிட்டாங்க!"

மற்றவர்களும் தட்டினார்கள். எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது என் காலடியில், காலி இடத்து மண்ணில், நீர்க்குமிழி ஒன்று வந்து உடைந்தது. பின்னாடியே இன்னொன்று. அதற்கப்புறம் வரவில்லை.

லூர்துமேரி என்னைப் பிடித்தது மேலே ஏறி வரத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மண்டி போட்டு உள்ளங்கையை மண்ணில் அழுத்தினேன். "லூர்து, பிடிடீ. இப்ப வுடமாட்டேன்டீ, பிடி."

நாங்கள் பகலெல்லாம் மிதித்த மண், கல்லாட்டம் இறுகிக் கிடந்தது.