யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்

எட்டு வயதுப் பிள்ளைகளை ஏ என்றும் பி என்றும் பிரித்து உட்கார வைக்கலாம் என்று முதன்முதலில் எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியாது. அவனுக்கு மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். மூன்றாம் வகுப்பு முடிந்ததும் பெரிய டீச்சரம்மா ஒவ்வொரு பிள்ளையாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பாடம் வாசிக்கச் சொல்வார். கணீரென்று வாசித்தால் நாலாம் வகுப்பில் ஏ செக்‌ஷன், இல்லாவிட்டால் பி. ஏ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் உண்டு, பின்னால் ஹைஸ்கூலும் உண்டு. பி பிள்ளைகளுக்கு ஊரார் வைத்திருந்த பெயர் மூட்டை செக்‌ஷன். மீசை முளைத்ததும் பையன்கள் சுரங்கத்துக்கு, பெண்கள் அடுப்படிக்கு. அவ்வளவுதான் கணக்கு.

வெங்கடம்மாவின் ஒரே மகள் யசோதாவுக்கு பி விழுந்தது.

சர்க்கார் மைன்ஸை எடுத்துக்கொண்ட புதிது அது. இனிமேல் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆபீசில் நாற்காலி கிடைக்கும் என்று லைன் முழுக்கப் பேச்சு. பின்வரிசை சரோஜம்மாவின் மகளுக்கு ஏ கிடைத்ததும் அந்த அம்மாள் வீடு வீடாகப் பொரிகடலையும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தாள். வெங்கடம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, உள்ளே போய் அந்த வெல்லத்தைக் கடித்து அழுதாள்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. ஆண்டர்சன்பேட்டைச் சந்தையிலிருந்து வல்லாரைக் கீரை கட்டுக் கட்டாக வந்தது. ஞாபக சக்திக்கு அதை மிஞ்சி எதுவும் இல்லை என்று யாரோ சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். காலையில் துவையல், மதியம் கூட்டு, ராத்திரி மறுபடியும் துவையல். அவள் புருஷன் பெருமாளுக்கும் அதேதான்.

"இன்னா வெங்கடம்மா, எனக்கு எந்த செக்‌ஷன் கிடைக்கும்?" என்று ஒரு நாள் கேட்டான். அவள் முறைத்த முறைப்பில் துவையலை வழித்துச் சாப்பிட்டான்.

விளையாட்டு நின்றது. பள்ளி மதியத்தோடு விட்டதும் புத்தகம், விளக்கு வைத்த பிறகும் புத்தகம். குழந்தை சொன்னபடி கேட்டது. உதடுகள் மட்டும் அசைய, மணிக்கணக்காகப் பக்கம் புரட்டியது. மண்டையில் ஏறுகிறதா இல்லையா என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது ஒரு குட்டு வைத்தாள். அதுதான் அவளுக்குத் தெரிந்த பரீட்சை.

தசரா லீவுக்கு முந்தின நாள் பொறுக்கமாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டாள். நாலாம் வகுப்பு பியாட்ரிஸ் டீச்சர் அவளை பெஞ்சில் உட்கார வைத்து, யசோதாவின் சிலேட்டை எடுத்துக் காட்டினார். கணக்கெல்லாம் சரி. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"உங்க பொண்ணு மக்கு இல்லம்மா. வாயத் தொறக்க மாட்டேங்குது, அதான் சங்கதி. பெரிய டீச்சர் முன்னாடி உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. தெரியலன்னு நெனச்சு பி போட்டுட்டாங்க. லீவு முடிஞ்சு வந்ததும் இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லி நான் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்கேன். சத்தமா வாசிச்சா போதும்."

முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி தன் குழந்தைக்காக மேலதிகாரியோடு சண்டை போட்டிருக்கிறாள்! வெங்கடம்மாவுக்குக் கை தானாகக் குவிந்தது. இந்த மகராசி நன்றாயிருக்கட்டும் என்று வழி நெடுக வாழ்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வாழ்த்து முடிந்த கையோடு மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தமா படி."

யசோதா கிசுகிசுத்தாள்.

"சத்தமாடீ!"

மறுபடியும் அதே கிசுகிசுப்பு. வெங்கடம்மா முதுகில் ஓர் அறை வைத்தாள். குழந்தையின் முகம் கோணியது, கண்ணீர் கொட்டியது, தோள் குலுங்கியது. ஆனால் துளி சத்தம் வரவில்லை. அடி வாங்கிய பிள்ளை சத்தமில்லாமல் அழுவதைப் பார்த்து வெங்கடம்மா கையை இறக்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி கண்ணு, நைனாகூட வூட்ல இல்லியே. பகல் ஷிப்டுக்குப் போயிருக்குது. யாருக்குப் பயம்?"

யசோதா மூங்கில் தட்டிச் சுவரைக் கை காட்டினாள். "யாராவது தூங்கினு இருப்பாங்க இல்லம்மா."

லைன் வீடுகளுக்கு நடுவில் சுவர் என்று இருந்ததெல்லாம் தட்டிதான். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பகலில் தூங்க வேண்டும். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த நேரமும் எந்த வீட்டிலாவது ஓர் ஆண் தூங்கிக்கொண்டிருப்பான். தூக்கம் கெட்டவன் சுரங்கத்துக்கு அடியில் கால் தவறுவான். அப்படிப் போனவர்கள் உண்டு. அதனால் அங்கே பகலில் யாரும் குரல் எழுப்புவதில்லை, அது எழுதாத சட்டம். மற்ற பிள்ளைகள் மைதானத்தில் போய்க் கத்தித் தீர்த்துக்கொண்டார்கள். யசோதா அம்மாவின் முந்தானையிலேயே வளர்ந்தவள். 'உஷ், நைனா தூங்குது, எழுப்பினா கீழ வுழுந்துடும்' என்று தொட்டிலிலிருந்தே சொல்லி வளர்த்தது வேறு யார்? வெங்கடம்மாவேதான்.

பெருமாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் எட்டு மணி நேரம் டிரில்லு மெஷின் பக்கத்துல நிக்கிறவன்டி. கொழந்த படிக்கிற சத்தத்துலயா எனக்குத் தூக்கம் கெடும்? அது கெடக்கட்டும், பக்கத்துல தங்கவேலு அண்ணன் இருக்காரே. அவருகிட்ட கேளு."

அங்கேதான் சிக்கல். தங்கவேலு ஆயுசுக்கும் நைட் ஷிப்ட்காரர். எலி ஓடினாலும் விழித்துக்கொள்வார். ஒருமுறை நடுப்பகலில் கத்திரிக்காய் என்று கூவியவன் மேல் சொம்பு பறந்தது. வெங்கடம்மா அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, பயந்து பயந்து வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். பள்ளி திறக்கும்வரை மதியத்தில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்றாள்.

தங்கவேலு தலையில் துண்டைக் கட்டியபடி அவளைப் பார்த்தார். "படிக்கட்டும். எனக்கு இப்பல்லாம் தலையில இடி வுழுந்தாலும் தெரியாது. அந்தாண்ட வூட்டுக்காரனுங்களுக்கும் நான் சொல்லிக்கிறேன்."

அவர் மனைவி பாப்பம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவும் மூடிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் யசோதா நடு வீட்டில் நின்று வாய் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கீச்சென்று ஒரு குரல் வந்து, அதைக் கேட்டு அவளே பயந்தாள். "இன்னும், இன்னும்" என்றாள் தாய். நாளுக்கு நாள் குரல் தேறியது. கொக்குப் பாடம், ஆமைப் பாடம், மழைப் பாட்டு என்று மாற்றி மாற்றி வாசித்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே மனுஷனுக்கு நல்ல தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று வெங்கடம்மா ஆறுதல் பட்டுக்கொண்டாள். குட்டுவதையும் விட்டாள், வல்லாரையையும் குறைத்தாள். பெருமாள் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினான்.

பள்ளி திறந்த அன்று வெங்கடம்மா பெரிய டீச்சரம்மாவின் அறைக்கு வெளியே நின்றாள். உள்ளே பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு யசோதாவின் குரல் கிளம்பியது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "போதும்மா, காது போவுது" என்று பெரிய டீச்சரம்மா சிரிப்பது கேட்டது. பியாட்ரிஸ் டீச்சர் வெளியே வந்து ஒரு விரலைக் காட்டினார். ஒன்று என்றால் ஏ என்று புரிய வெங்கடம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தாயும் மகளும் லைனுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய சேதி நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் தூங்குகிற நேரம். சாயங்காலம் எல்லாருக்கும் சொல்லிக்கொள்ளலாம் என்று வெங்கடம்மா அடிமேல் அடி வைத்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இன்னா கேட்டாங்க? கொக்கா, ஆமையா?"

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கவேலுவின் குரல்.

வெங்கடம்மா சட்டென்று தட்டியைத் திரும்பிப் பார்த்தாள். யசோதாதான் பதில் சொன்னாள். "ஆமை, பெரீப்பா."

"ஆமையா? அதுல அந்தக் கொளத்தங்கரைல வந்து தெனமும் தடுக்கிடுவியே. இன்னிக்கித் தடுக்குச்சா?"

"இல்ல பெரீப்பா. ஏ செக்‌ஷன்!"

"ஏவாம்டா!" என்று தங்கவேலு மறுபக்கத் தட்டியைத் தட்டிச் சொன்னார். "ஏவா?" என்றது அதற்கடுத்த வீடு. சேதி தட்டி தட்டியாகத் தாண்டி வரிசைக் கடைசிவரைக்கும் போனது.

ஒருத்தர்கூடத் தூங்கவில்லை. இன்றைக்கு மட்டுமல்ல, இத்தனை நாளும் தூங்கவில்லை. தூக்கம் கெட்ட கண்ணோடு ராத்திரிக்கு ராத்திரி சுரங்கத்துக் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், ஏறிக் கீழே இறங்கியிருக்கிறார்கள். அவள் பெண்ணின் வாய் திறக்கட்டும் என்று, அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

"அண்ணே..." என்றாள் வெங்கடம்மா.

"சரி சரி, இனிமேலாச்சும் தூங்க வுடுங்கம்மா" என்றார் தங்கவேலு.

அவள் தரையில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த லைனுக்கு வாழ வந்த நாளிலிருந்து பட்டப்பகலில் அவள் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை. எந்த வீட்டிலிருந்தும் யாரும் அவளை அதட்டவில்லை.