முதுகு பாஸ் செய்த ஊசிகள்

கணவரின் சட்டையைத் தூக்கியதும் அவள் கண்ணில் பட்டவை வட்டங்கள். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் வரிசையாக, மிளகை விடச் சிறிய இளஞ்சிவப்பு வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. வேறு யாராவது பார்த்திருந்தால் கொசு, எறும்பு, வேர்க்குரு என்று ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். அக்குபங்சர் ஊசியைப் பிடித்தே குடும்பம் நடத்துகிறவளிடம் அந்தக் கதை எடுபடாது. ஊசியைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, குழாயைத் தோலில் அழுத்தி, மேலே விரலால் ஒரு தட்டு தட்டினால் விழுகிற வளையம் அது. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இன்னும் மறையவில்லை என்றால், பேங்குக்குப் போய்வருகிறேன் என்று காலையில் கிளம்பிய மனிதர் வேறொருவருடைய சிகிச்சைக் கட்டிலிலிருந்து எழுந்து நேராக இந்தக் கட்டிலுக்கு வந்திருக்கிறார்.

அவள் குழாயைத் தொடுவதில்லை. வெறுங்கையால் போடுவதுதான் அவளுக்குப் பெருமை. அந்தத் தெருவில் குழாய் வைத்துப் போடுகிறவள் ஒருத்திதான், எதிர்வரிசையில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருப்பவள். அவளுக்குக் குழாய்க்காரி என்று பெயர் வைத்தவள் இவள். அதைத் தெரு முழுக்கப் பரப்பியவர் இதோ குப்புறப் படுத்திருக்கும் கணவர். "ஸ்கேல் வெச்சுக் கோடு போடறவங்களை ஓவியர்னு சொல்வீங்களா?" என்று கல்லாவில் உட்கார்ந்து அவர் கேட்டால் வந்தவர்கள் சிரிக்காமல் போனதில்லை.

முன்னால் ஊசிக் கடை, பின்னால் சிகிச்சை அறை. கடை அவருடையது, கை அவளுடையது. சுற்று வட்டாரத்து வைத்தியர்கள் ஊசி வாங்க இங்கேதான் வருவார்கள். முகத்துக்கு மயிரிழை போன்ற குட்டை ஊசி, இடுப்புக்கு விரலை விட நீளமான தடித்த ஊசி. பிடி செம்புக் கம்பி சுற்றியதா, எஃகா, பிளாஸ்டிக்கா? வழுக்கிக்கொண்டு போகச் சிலிக்கோன் பூசியதா, தசை கவ்வுவது கைக்குத் தெரியும்படி பூசாததா? இத்தனை குழப்பத்துக்கும் கடையில் ஒரே பதில் இருந்தது. புதுச் சரக்கு எது வந்தாலும் முதல் ஊசி அவர் முதுகில். அவள் போடுவாள், அவர் தீர்ப்பு சொல்வார். "தடிமன் பாயிண்ட் இருபதுன்னு போட்டிருக்கான், முப்பது மாதிரி குத்துது" என்றால் அந்தக் கம்பெனிக்குக் கதவு சாத்தியாயிற்று. "ஒண்ணுமே தெரியலம்மா" என்றால் அலமாரியில் இடம். வாங்க வருகிறவர்கள் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதில்லை, "முதுகு பாஸ் பண்ணிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு 'முதுகு சார்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்படி யாராவது கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

இன்றும் ஒரு கம்பெனி ஏஜென்ட் சாம்பிள் பெட்டியோடு வந்து வெளியே நாற்காலி நுனியில் காத்திருந்தார். அவள் கையில் அந்தப் பெட்டியின் முதல் ஊசி, உறை பிரித்தபடி.

"மேல்மாடிக்குப் போனீங்களா?"

கட்டிலின் தலைமாட்டில் முகம் பதிக்க ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டைக்குள் முகம் இன்னும் ஆழமாகப் புதைந்தது.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"இடுப்பு ரொம்பப் புடிச்சுக்குச்சும்மா."

"இடுப்பு புடிச்சா பொண்டாட்டி இல்லையா வீட்டுல?"

"இருக்கே." தரையைப் பார்த்துப் பேசுகிறவருக்கு மெல்ல மெல்லத் தைரியம் வந்தது. "நீ போட்டா வலிக்குது. அவங்க குழாயை அழுத்தறதுல குத்தறது தெரியமாட்டேங்குது."

அவள் ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்தாள். "வலிக்குதா? எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே."

"அப்போ ஒண்ணுமே தெரியலன்னு சொன்னது? செம்புப் பிடி நல்லாருக்கு, பூசினது வேணாம், இருபது போதும், முப்பது ஆகாது... அதெல்லாம்?"

"எனக்கு என்னம்மா தெரியும்? இருபதும் முப்பதும் எனக்கு ஒரே சுருக்குதான்." தன் திறமையைச் சொல்லிக்கொள்கிற குரலிலேயே சொன்னார்: "ஆனா உனக்கு எது புடிச்சிருக்குன்னு நீ கேக்கற தோரணையிலயே தெரிஞ்சுடும். 'எப்படிங்க இருக்கு?'ன்னு இழுத்தா புடிச்சிருக்கு. 'ம், சொல்லுங்க'ன்னா புடிக்கல. அதைத்தான் சொல்லுவேன். உன் மனசு கோணாம."

வாங்க வந்தவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிற ஆள்தான் அவர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து அவளே எத்தனையோ தடவை வாய்க்குள் சிரித்திருக்கிறாள். துணிக்கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும்போது, "மேடம், உங்க நிறத்துக்குன்னே நெய்தது" என்கிறானே விற்பனையாள், அதைக் கேட்டு மயங்குகிறவர்கள் வரிசையில் தன்னையும் நிற்க வைத்திருக்கிறார் என்று இப்போதுதான் உறைத்தது.

"என்னையும் கஸ்டமர் ஆக்கிட்டீங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா..."

குழாய்க்காரியிடம் போனதைக்கூட விழுங்கிவிடலாம். ஊர் உலகத்தில் புருஷன்மார் இதைவிட மோசமான மாடிகளுக்கெல்லாம் ஏறுகிறார்கள். ஆனால் இந்தப் பொய் தொண்டையில் நின்றது. தன் கைத்திறமை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது அந்த முதுகு சொன்ன வார்த்தையைத்தான். அதை நம்பித்தான் மற்ற வைத்தியர்களும் முதல் முறை வருகிற பயந்த ஜனங்களைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். கழுத்து வலிக்கு வந்த முடிதிருத்துபவர் ஒருவர் பாதிச் சிகிச்சையோடு நின்றுபோனார். தெருவில் பார்த்தபோது, "ஊசின்னா எனக்கு ஆகலைங்க" என்று நெளிந்தார். 'பயந்தாங்கொள்ளி, இந்த ஊசி யாருக்கு வலிக்கும்' என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். கூடச் சேர்ந்து கணவரும் சிரித்தார். அவளை விடச் சத்தமாகவே சிரித்தார்.

வெளியே ஏஜென்ட் தொண்டையைக் கனைத்தார். "மேடம், முதுகு என்ன சொல்லுது?"

"முதுகு இன்னிக்குக் கடையடைப்பு" என்றாள் அவள். "பெட்டியை எடுத்துட்டுப் போங்க, அப்புறம் பேசலாம்."

கணவர் எழுந்து சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். நெற்றியிலும் கன்னத்திலும் ஓட்டையின் விளிம்பு அழுந்திய தடம். அவளைத் தாண்டிப் போகும்போது தோளைத் தொடக் கை நீண்டது, என்ன நினைத்ததோ, பாதியிலேயே திரும்பிப் போய்ச் சட்டைப் பித்தானைப் போட்டது. "டீ போடட்டுமா?" என்றார். அவள் கட்டிலின் விரிப்பை மாற்றினாள்.

அடுத்து பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். தோள்பட்டைக்காக வாரா வாரம் வருகிறவர், வாய் ஓயாதவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிள்ளைகள் வேனுக்குள் விட்ட பூனைக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே குப்புறப் படுத்தார். அவள் அலமாரியைத் திறந்தாள். எல்லாப் பெட்டியும் முதுகு பாஸ் செய்த பெட்டிதான். எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, வழக்கமாக எடுப்பதையே எடுத்தாள். தோளைத் தடவி இடம் பார்த்தாள். இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து ஊசியை இறக்கினாள்.

"வலிக்குதாண்ணே?"

"உங்க கையில வலிக்குமா மேடம்? பூ வெச்ச மாதிரி இருக்கு. நீங்க பாட்டுக்குப் போடுங்க."

அடுத்த ஊசியை எடுத்தவள் முதல் தடவையாகக் கட்டிலின் மறுகோடியைப் பார்த்தாள். மெத்தைக்கு வெளியே நீட்டியிருந்த அவருடைய கால்களில் பத்து விரல்களும் உள்பக்கமாக மடங்கி, நகங்கள் வெளுக்க, காற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.